பின்னுக்கு நடக்க ஒரு சப்பாத்து

என் கணவர் கட்டார் வேலையை முடித்துக்கொண்டு ஊரோடு வந்து சேர்ந்த மாதம், ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பிறகு என்னை மேல்மாடிக்குக் கூப்பிட்டார். மேல்மாடி என்றால் ஒரு நீண்ட வெறும் ஹோல்தான். மகளுக்குக் கலியாணம் முடிந்தால் தேவைப்படும் என்று கட்டியது. மகளோ கொழும்பில் படித்துக்கொண்டிருந்தாள். அதனால் அங்கே உடுப்புக் காயப்போடும் கம்பியும், கால் ஆடும் ஒரு மேசையும், பளபளக்கும் வெள்ளை டைல்ஸ் நிலமும் மட்டும்தான்.

நான் ஏறிப் போனபோது ஜன்னல் சீலைகளை எல்லாம் இழுத்து மூடியிருந்தார். போனை ஜன்னல் படியில் சாய்த்து வைத்து எதையோ தட்டினார். ஆர்மோனியத்தைக் கைக்குள் வைத்து விரித்துச் சுருக்கினால் வருவதுபோல ஒரு சத்தம் எழும்பியது. அழுகையா சிரிப்பா என்று தெரியாத ஒரு இசை.

"இது என்ன?" என்றேன்.

"டேங்கோ."

"ஆருக்கு?"

"நமக்குத்தான்."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. மேசையில் சாய்ந்துகொண்டு சொல்லத் தொடங்கினார். தோஹாவில் அவர் வேலை செய்த ஹோட்டலில், விருந்து மண்டபம் அவர் பொறுப்பு. கிழமையில் ஒரு நாள் அங்கே புருசன் பெண்சாதிமார் ஜோடி ஜோடியாக வந்து டேங்கோ பழகுவார்களாம். கதிரைகளை ஓரத்துக்கு எடுப்பது, பாட்டைப் போடுவது, எல்லோரும் போகும்வரை நிற்பது இவருடைய வேலை. வருசக்கணக்காக நின்று நின்று பார்த்ததில், பழகுபவர்கள் எங்கே பிழை விடுகிறார்கள் என்பதுகூட இவருக்கு விளங்கத் தொடங்கிவிட்டதாம். எல்லோரும் போன பிறகு, மண்டபத்தைப் பூட்டுமுன், ஒரு கதிரையைப் பிடித்துக்கொண்டு தனியாக நடந்து பார்ப்பாராம்.

"கதிரைய எங்க புடிச்சீங்க?"

"முதுகிலதான்."

"அது ஒண்டும் சொல்லல்லியா?"

"கதிரை நல்ல கதிரை. எத்தின தரம் கால மிதிச்சாலும் வாய் திறக்கல்ல." பிறகு என்னைப் பார்க்காமல், போனைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "உன்னோட ஆடோணும் எண்டுதான் படிச்சன்."

எங்கள் கலியாண வாழ்க்கையில் பெரும்பகுதி போனில்தான் கழிந்தது. அவர் அங்கே, நான் இங்கே கணக்கு டீச்சராகக் கரும்பலகைக்கு முன்னால். லீவில் வருவார், வீட்டு வேலைகள் நிறையும், போய்விடுவார். அந்த மனிசன் இப்படி ஒன்றைச் சொன்னதும் நான் போய் அவருக்கு முன்னால் நின்றேன்.

"எனக்கு ஆடத் தெரியா," என்றேன்.

"நடக்கத் தெரியும்தானே? அது போதும். நான் முன்னுக்கு வருவன், நீ பின்னுக்குப் போ."

அன்று வெறுங்காலோடு ஆடினோம். ஆடினோம் என்று சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. சுவரில் இருந்து சுவருக்கு நடந்தோம், அவ்வளவுதான். கண்ணை மூடிக்கொண்டு ஒரு ஆளை நம்பிப் பின்னுக்கு நடப்பது எப்படி இருக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. அவருடைய நெஞ்சு முன்னுக்கு வரும், என் கால் தானாகப் பின்னுக்குப் போகும். பள்ளிவாசலில் மஃரிபுத் தொழுகைக்கு வாங்கு சொல்லும்வரை நடந்தோம். கீழே இறங்கும்போது எனக்குப் பதினெட்டு வயசு.

அடுத்த நாள் காலையில் எனக்கு எண்பது வயசு. கட்டிலை விட்டு இறங்கிக் காலை வைத்ததும், குதிக்காலில் ஆணி ஏறியதுபோல ஒரு நோ. நின்று நின்று படிப்பித்த ஆள் நான். இந்தக் குதி நோ முதலே இருந்ததுதான். கிளினிக்கில் ஒரு டொக்டர் பிள்ளை, "டைல்ஸ்ல வெறுங்காலோட நிக்க வேணாம், உள்ளங்கால் வளைவுக்குத் தாங்கல் உள்ள சப்பாத்துப் போடுங்க" என்று எப்போதோ சொல்லியிருந்தா. நான் கேட்டு நடக்கவில்லை. இப்போது கேட்க ஒரு காரணம் கிடைத்துவிட்டது.

இரண்டாம் நாள் றப்பர் சிலிப்பரோடு ஏறினேன். நேராக நடக்கும்வரை சுகமாக இருந்தது. "இப்ப கிறுகு," என்று விரலைச் சுழற்றிக் காட்டினார். நான் கிறுகினேன். உடம்பு கிறுகியது, சிலிப்பர் கிறுகவில்லை. முழங்காலில் ஒரு சுளுக்கு விழப் பார்த்தது. பிறகு காலுறை போட்டுப் பார்ப்போம் என்று மகளுடைய பழைய பள்ளிக்கூட மேசுகளைப் போட்டேன். கிறுகுவது அருமையாக வந்தது. நிற்கத்தான் முடியவில்லை. வழுக்கிக்கொண்டு போய் உடுப்புக் கம்பியில் காய்ந்துகொண்டிருந்த ஈரப் படுக்கை விரிப்பைப் பிடித்தேன். விரிப்பும் நானும் சேர்ந்து இறங்கினோம். அவர் ஓடிவந்து தூக்கினார். இரண்டு பேரும் விரிப்புக்குள் இருந்து சிரித்தோம்.

"சப்பாத்து வேணும்," என்றார் அவர்.

"அந்த மண்டபத்துப் பொம்புளைகள் என்ன போட்டாங்க?"

"கனபேர் ஊசி மாதிரிக் குதி. உயரம்."

"அதப் போட்டா என்னைக் கிளினிக்குக்குத்தான் தூக்கிட்டுப் போகோணும்."

"எல்லாரும் இல்ல," என்று யோசித்துச் சொன்னார். "ஒரு வயசாளி மனிசி வருவா. கட்டையான அகலக் குதி, கணுக்கால்ல வார், முன்பக்கம் மூடினது. அவதான் எல்லாரையும் விட வடிவா ஆடினா."

எனக்கு அந்த மனிசியை உடனே பிடித்துவிட்டது.

சனிக்கிழமை பின்னேரம் கல்முனைக்குப் போனோம். காலையில் போகவில்லை. நாள் முழுக்க நின்றால் என் கால் வீங்கும். காலையில் வாங்கிய சப்பாத்துப் பின்னேரம் கடிக்கும் என்று பட்டுத் தெரிந்தவள் நான். நாங்கள் ஆடுவதோ பின்னேரம். பஸ்ஸில் இருந்தபோது சின்ன வயதில் பெருநாள் உடுப்பு எடுக்கப் போகும்போது இருந்த அதே குறுகுறுப்பு. அவரோ ஜன்னலோரம் விரலால் தாளம் போட்டுக்கொண்டு வந்தார்.

முதலாவது கடை அவரோடு ஒன்றாகப் படித்தவருடையது. உள்ளே கால் வைத்ததும், "என்ன டீச்சர், மகள்ட கலியாணமா?" என்றார்.

"இல்ல, எனக்குத்தான் சப்பாத்து. நடக்கிறத்துக்கு."

நடைப்பயிற்சி என்று நினைத்துப் தடித்த அடிப்பாகம் வைத்த சப்பாத்துகளைக் கொண்டுவந்து பரப்பினார். ஒன்றைப் போட்டேன். அல்லாஹ், பஞ்சில் நிற்பதுபோல இருந்தது. குதி நோ எங்கே போனது என்று தெரியவில்லை. ஆசையோடு எழும்பி, அபாயாவைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து, முன்பாதத்தில் நின்று கிறுகிப் பார்த்தேன். சப்பாத்து நிலத்தைப் பிடித்த பிடியை விடவில்லை. இன்னொரு தரம் கிறுகினேன். அதே கதை.

"ஏன் டீச்சர் நிண்ட இடத்திலயே கிறுகுறீங்க?" என்றார் கடைக்காரர்.

நான் வாயைத் திறக்குமுன் என் கணவர் சொன்னார்: "வீட்டுக்குள்ளதான் நடக்கிற. இடம் சின்னன் மச்சான்."

கடைக்காரர் தலையாட்டினார். ஆனால் நம்பவில்லை என்று அவருடைய கண் சொன்னது. பிறகு குதி வைத்தது கேட்டோம். மணப்பெண்ணுக்கு வைத்திருந்த தங்க நிறச் சப்பாத்துகள் வந்தன. ஒன்றுக்குள் காலைத் திணித்தேன். ஐந்து விரலும் ஒன்றாகிவிட்டன.

"பின்னுக்கு நடந்து பார்," என்றார் இவர் மெதுவாக.

நடந்தேன். இரண்டாவது எட்டில் குதி பக்கவாட்டில் சாய்ந்தது. கண்ணாடி அலுமாரியைப் பிடித்து நின்றேன்.

"பின்னால என்ன இரிக்கி?" என்று கடைக்காரர் எட்டிப் பார்த்தார். நாங்கள் ஸலாம் சொல்லிவிட்டு வெளியே வந்தோம். நடைபாதையில் நின்று சிரித்த சிரிப்பில் போகிற ஓட்டோக்காரர் ஒருவர் நிறுத்தி, "எங்க போகோணும்?" என்று கேட்டார்.

இன்னும் இரண்டு மூன்று கடை ஏறி இறங்கினோம். ஒன்றில் வார் இருக்கும், குதி மெல்லிசு. இன்னொன்றில் குதி அகலம், பின்பக்கம் திறந்து கால் நழுவும். எனக்கு அலுப்பே வரவில்லை. என் காலைப் பற்றி என் வாழ்நாளில் யாரும், நான்கூட, இவ்வளவு யோசித்ததில்லை. இவர் ஒவ்வொரு கடையிலும் குனிந்திருந்து, பெருவிரலுக்கு முன்னால் இடம் இருக்கிறதா என்று அமத்திப் பார்த்தார்.

கடைசியில் சந்தைப் பக்கத்து ஒழுங்கையில் ஒரு சின்னக் கடை. நெற்றியில் பொட்டு வைத்த ஒரு தமிழ்ப் பெண் கல்லாவில் இருந்தா. என் வயசுதான் இருக்கும். சுவர் முழுக்கப் பள்ளிக்கூடச் சப்பாத்துப் பெட்டிகள்.

"என்ன மாதிரிச் சப்பாத்து அக்கா? என்னத்துக்குப் போடப் போறீங்க?"

பொய் சொல்லி எனக்கு அலுத்துப் போயிருந்தது. "ஆடுறத்துக்கு," என்றேன்.

அவ என்னை ஒரு தரம் பார்த்தா, என் அபாயாவைப் பார்த்தா, பக்கத்தில் நின்ற இவரைப் பார்த்தா. "ஆரோட?"

"இவரோட."

அவவுடைய முகம் அப்படியே மலர்ந்தது. "கடவுளே! எங்கட வீட்டுக்காரர் கூப்பிட்டாக் கோயில் திருவிழாவுக்கே வரமாட்டார். இருங்க, இருங்க." அலுமாரிக்குப் பின்னால் போய், பெட்டிகளை இழுத்து, தும்மி, ஒன்றைத் தூசி தட்டிக்கொண்டு வந்தா. "பேங்கில வேல செய்யிற பிள்ளைகளுக்கு எண்டு எடுத்த. அகலம் கூட எண்டு ஒருத்தரும் வாங்கல்ல."

கறுப்புத் தோல். முன்பக்கம் மூடியிருந்தது, விரல்கள் விரிய இடம் இருந்தது. குதி இரண்டு விரல் உயரம், நல்ல அகலம். கணுக்காலைச் சுற்றி ஒரு வார், சின்னக் கொழுக்கி. நான் அதைக் கையில் எடுத்து வளைத்துப் பார்த்தேன். விரல்கள் மடியும் இடத்தில் வளைந்தது, நடுவில் வளையவில்லை. பின்பக்கத்தை அமத்தினேன், உறுதியாக நின்றது. உள்ளே கால் வளைவுக்கு ஒரு மேடு. அந்தப் பெண் குதிக்கு என்று ஒரு மெத்தைத் துண்டையும் எடுத்து உள்ளே வைத்துத் தந்தா.

போட்டு எழும்பினேன். இரண்டு காலும் ஒரே நேரத்தில் பெருமூச்சு விட்டதுபோல இருந்தது.

"அங்கால போய் நடந்து பாருங்க, ஆரும் வரமாட்டாங்க," என்று அலுமாரிக்குப் பின்னால் இருந்த வழியைக் காட்டினா. பெட்டிகளுக்கு நடுவே ஒரு ஆள் போகும் அகலம். இவர் என் கையைப் பிடித்தார். பாட்டும் இல்லை, ஒன்றும் இல்லை. நான் பின்னுக்கு நடந்தேன், இவர் முன்னுக்கு வந்தார். குதி சாயவில்லை. கால் நழுவவில்லை. முடிவில் கிறுகப் பார்த்தேன். அங்கேதான் சப்பாத்து நிலத்தைப் பிடித்துக்கொண்டது.

"அடி றப்பர் அக்கா," என்றா அந்தப் பெண். "வழுக்கவே வழுக்காது."

"வழுக்கோணுமே!"

"கொஞ்சமாத்தான் வழுக்கோணும்," என்று இவர் திருத்தினார்.

அவ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தா. "இந்தக் கடையில வழுக்குற சப்பாத்துக் கேட்டு வந்த முதலாவது ஆக்கள் நீங்கதான்."

அடியை நாங்களே பார்த்துக்கொள்வோம் என்று வாங்கிக்கொண்டு வந்தோம். தோஹா மண்டபத்தில் ஆடியவர்களின் சப்பாத்து அடியில், பூனை முதுகு மாதிரி மெதுமெதுப்பான தோல் ஒட்டியிருக்கும் என்பது இவருக்கு ஞாபகம் இருந்தது. அப்படித் தோல் கல்முனையில் எங்கே தேடுவது? வீட்டிலேயே இருந்தது. இவர் எப்போதோ கொண்டுவந்து தந்த மண்ணிறக் கைப்பை. வார் அறுந்து அலுமாரியில் கிடந்தது. நான் கடதாசியில் அடியின் அச்சை எடுத்து, கைப்பையை வெட்டி, வீட்டில் கிடந்த பசையால் ஒட்டினேன். காய்ந்துவிட்டது என்று நினைத்து அன்றைக்கே மேலே ஏறினோம்.

அரைவாசிப் பாட்டு போகும்போது வலது அடி கழன்றுகொண்டது. தோல் ஒரு பக்கம், சப்பாத்து ஒரு பக்கம், நான் நிலத்தில். "நோகுதா?" என்று இவர் பதறினார். "பாட்ட நிப்பாட்டாதீங்க!" என்று நான் கத்தினேன். இருந்த இடத்திலேயே கழன்ற தோலை விசிறிக்கொண்டு பாட்டு முடியும்வரை கேட்டேன்.

பிறகு சப்பாத்து ஒட்டும் நல்ல பசை வாங்கி, பழைய பசையைச் சுரண்டி, றப்பரை அரத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்கி ஒட்டினேன். அரிசி மூட்டைக்குக் கீழே வைத்துவிட்டுப் பொறுத்திருந்தேன். அது பெரிய பொறுமை. சமைக்கும்போதெல்லாம் மூட்டையைப் போய்ப் பார்த்தேன்.

கடைசியில் எடுத்துப் போட்ட அன்று, "கிறுகு," என்று இவர் சொன்னதும் நான் கிறுகினேன். தோல் டைல்ஸில் உஸ் என்று ஒரு சின்னச் சத்தம் போட்டு என்னைக் கொண்டுபோய், நான் நினைத்த இடத்தில் நிறுத்தியது. முழங்கால் இழுக்கவில்லை. இன்னொரு தரம். இன்னொரு தரம். "போதும், எனக்குத் தல சுத்துது," என்று இவர் சொல்லும்வரை கிறுகினேன். அடுத்த நாள் காலையில் கட்டிலை விட்டு இறங்கப் பயந்து பயந்து காலை வைத்தேன். நோ இருந்தது, ஆனால் ஆணி இல்லை. ஒரு முணுமுணுப்புத்தான்.

ஒன்றை மட்டும் நாங்கள் யோசிக்கவில்லை. புதுச் சப்பாத்தின் குதி சத்தம் போடும். பக்கத்து வீடு என் தங்கச்சியுடையது. எங்கள் வாப்பா இரண்டு பெண்களுக்கும் ஒரே வளவில் ஒட்டி ஒட்டிக் கட்டித் தந்தது. மேல்மாடியின் சுவர் இரண்டு வீட்டுக்கும் பொது. ஒரு பின்னேரம் ஆட்டத்துக்கு நடுவே நான் கண்ணைத் திறந்தால், வாசலில் அவள் நிற்கிறாள்.

"சுவருக்கு ஆணி அடிக்கிறீங்களோ எண்டு பாக்க வந்த ராத்தா," என்றாள். வாய் சொன்னதே தவிர, கண் எங்களையே பார்த்தது.

இவர் என்னை விட்டுவிட்டு, "நான் தேத்தண்ணி போடுறன்," என்று படியால் இறங்கி ஓடிவிட்டார். எனக்கு முகம் சுட்டது. தங்கச்சி உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் குனிந்து என் காலைப் பார்த்தாள்.

"இது எங்க வாங்கின?"

சொன்னேன். சப்பாத்தை, கைப்பைத் தோலை, டேங்கோவை, கதிரையை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். கதிரைக் கதையில் அவள் கண் கலங்கிவிட்டது.

"ஆராவது கண்டா என்ன கதைப்பாங்க ராத்தா?"

"புருசனோட, வீட்டுக்குள்ள, சீலைய மூடிட்டு. என்னத்தக் கதைக்க?"

ஜன்னல் சீலையை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டாள். பிறகு சொன்னாள்: "கழட்டுங்க. நானும் போட்டுப் பாக்கோணும்."

எங்கள் இருவருக்கும் ஒரே அளவுக் கால். நான் இவருடைய இடத்தில் நின்றேன், அவள் என் இடத்தில். முன்னுக்கு நடப்பது எவ்வளவு பாரமான வேலை என்று அன்றைக்குத்தான் விளங்கியது. அவள் முதலில் குனிந்து காலையே பார்த்தாள். பிறகு என் தோளில் நெற்றியை வைத்துக்கொண்டு வந்தாள். போகும்போது, "அவர் இதுக்கெல்லாம் வரமாட்டார்," என்று மட்டும் சொன்னாள்.

அவர் என்றால் அவளுடைய கணவர். இறக்காமம் ஊர்ப் பக்கம் வயல் செய்கிறவர். பெரிய உடம்பு, குறைந்த பேச்சு. அப்போது வெள்ளாண்மை விளைந்திருந்தது. யானைக் காவலுக்கு என்று வயல் வாடிக் குடிசையிலேயே கிடந்தார். அறுவடை முடிந்து வந்ததும், என் கணவர் அவரைக் கூட்டிக்கொண்டு மேலே போனார். என்ன சொல்லிக் கூப்பிட்டார் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. தங்கச்சியும் நானும் கீழே குசினியில் நின்று முகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம். தொம், தொம் என்று கேட்டது. பிறகு இவருடைய குரல்.

"தம்பி, அப்பிடி இல்ல. உங்கட வயல் வரம்பில எப்பிடி நடப்பீங்க?"

சத்தம் நின்றது.

"வரம்பிலயா?"

"ஓம். ஒடுங்கின வரம்பு. ரெண்டு பக்கமும் தண்ணி. கால் ஒண்டுக்கு முன்னால ஒண்டு."

மேலே மறுபடி நடை கேட்டது. இந்த முறை தொம் இல்லை. ஒரு உரசல், ஒரு இடைவெளி, இன்னொரு உரசல். தங்கச்சி என் கையை நசுக்கினாள். இறங்கி வந்த என் கணவர் என் காதில் சொன்னார்: "என்னை விட நல்லா நடக்கிறான்."

தங்கச்சியின் கணவருக்குச் சப்பாத்துத் தேடியது தனிக் கூத்து. சேற்றில் மிதித்து மிதித்து விரிந்த பாதம். கலியாணச் சப்பாத்துக்குள் குதிக்கால் பாதிதான் இறங்கியது. ஒரு நாள் வயலுக்குப் போடும் முழங்கால் வரையான றப்பர் பூட்ஸோடு மேலே ஏறி வந்து, "இது சரிவருமா காக்கா?" என்று இவரிடம் கேட்டாராம். நாங்கள் அவருடைய பாதத்தைப் பேப்பரில் வரைந்து எடுத்துக்கொண்டு அந்த ஒழுங்கைக் கடைக்கே போனோம். கடைக்காரப் பெண் பேப்பரை மேசையில் விரித்து, "இது காலா, தோணியா?" என்றா. ஆனாலும் விடவில்லை. பக்கத்தில் இழுபடும் துணி வைத்த, முன்பக்கம் அகலமான, மெல்லிய அடியுள்ள ஒரு மண்ணிறச் சப்பாத்தை எங்கிருந்தோ எடுப்பித்துத் தந்தா. தங்கச்சிக்கும் என்னுடையதைப் போலவே ஒரு சோடி. அடிக்கு ஒட்ட வீட்டில் இன்னொரு கைப்பை இருக்கவில்லை. தங்கச்சி தன்னுடைய நல்ல கைப்பையையே வெட்டினாள்.

"வேற ஆராவது ஆடுறாங்களா அக்கா?" என்று கடைக்காரப் பெண் என்னை அனுப்பும்போது கேட்டா. "ஆடினா இஞ்ச அனுப்புங்க. நானும் எங்கட மனிசனுக்கு ஒரு சோடி எடுத்து வைச்சிரிக்கன். இன்னும் அவருக்குச் சொல்லல்ல."

இப்போது வெள்ளிக்கிழமைப் பின்னேரங்களில், அஸருக்கும் மஃரிபுக்கும் நடுவே, நாங்கள் இங்கே ஆடுகிறோம், அவர்கள் சுவருக்கு அந்தப் பக்கம் ஆடுகிறார்கள். பாட்டு எங்கள் பக்கம்தான் ஓடும். கிறுகும் இடத்தில் என் தோல் அடி உஸ் என்னும். ஒரு நொடி பிந்தி அங்கிருந்து இன்னொரு உஸ் வரும். தங்கச்சி எப்போதும் கொஞ்சம் பிந்துவாள். போன கிழமை பாட்டின் நடுவே என் போன் அடித்தது. என்னவோ ஏதோ என்று ஓடிப்போய் எடுத்தேன்.

அவள்தான். மூச்சு வாங்கியது.

"ராத்தா, சத்தத்தக் கூட்டுங்க. இவருக்கு இஞ்ச தாளம் கேக்கல்லியாம்."